அகராதியில் சாய்கோடுகளுக்கு நடுவே

தமிழெழுத்தில் உச்சரிப்பு கொடுத்திருக்கும் கையடக்க ஆங்கில அகராதி எதையாவது புரட்டினால், 'பேக்' என்பது நாலு இடத்தில் தட்டுப்படும். முதுகுக்கும் பேக், கையில் தூக்கும் பைக்கும் பேக், மூட்டை கட்டுவதற்கும் பேக், அடுப்பில் வைத்து ரொட்டி சுடுவதற்கும் பேக். படிப்பவர் நான்கையும் ஒரே மாதிரி சொல்லிவைப்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தமிழில் பகரம் ஒன்றே, ககரம் ஒன்றே. 'பல்'லில் வருவது ஒரு ஒலி, 'தம்பி'யில் வருவது வேறு ஒலி. சொல்லில் எந்த இடம் என்பதை வைத்தே தமிழ் பேசுபவரின் நாக்கு அதைச் சரியாகச் செய்துவிடுவதால், எழுத்தில் தனித்துக் காட்ட வேண்டிய தேவை எழவில்லை. ஆங்கிலத்தில் அதே வித்தியாசம்தான் பையையும் முதுகையும் பிரிக்கிறது. ரொட்டி சுடுவதைப் பிரித்துக் காட்டுவது நடுவில் வரும் உயிரொலி.

அதே நான்கு சொற்களை ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் என்று ஏதாவது ஒரு மாணவர் அகராதியில் பார்த்தால், சொல்லுக்குப் பக்கத்தில் இரண்டு சாய்கோடுகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே நான்குக்கும் நான்கு விதமான குறிகள். பெரும்பாலானவர்கள் அந்தப் பகுதியைத் தாண்டிப் பொருளுக்குப் போய்விடுகிறார்கள். பள்ளியிலும் யாரும் அங்கே நிற்கச் சொல்லிக் கொடுப்பதில்லை. சாய்கோடுகளுக்கு நடுவே இருப்பதைப் படிக்கப் பழகுவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. இங்கும் ஒலிகள் தமிழெழுத்தில்தான் காட்டப்படுகின்றன என்பதால், அகராதியைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டே படிப்பது நல்லது. சரியான வடிவம் அங்கேதான் இருக்கிறது.

இந்தக் குறிகளை உருவாக்கியவர்கள் மொழியாசிரியர்கள். 1886-ல் பாரிஸில் பால் பாஸி என்ற பிரெஞ்சுக்காரரின் முயற்சியில் ஒரு சங்கம் கூடியது. பிரெஞ்சு எழுத்துக்கூட்டலும் ஆங்கில எழுத்துக்கூட்டலும் மாணவர்களைப் படுத்திய பாட்டைப் பார்த்துச் சலித்தவர்கள் அதில் சேர்ந்தார்கள். ஓர் ஒலிக்கு ஒரே குறி, ஒரு குறிக்கு ஒரே ஒலி என்ற கொள்கையோடு 1888-ல் முதல் பட்டியல் வெளியானது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஒலியியல் கற்பித்த டேனியல் ஜோன்ஸ், 1917-ல் ஆங்கில உச்சரிப்புக்கென்றே தனி அகராதி வெளியிட்டார். அதில் பொருளே கிடையாது, சொல்லும் ஒலியும் மட்டும்தான். இன்று கடைகளில் கிடைக்கும் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதியின் மூலம் இன்னும் சுவையானது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி, இரண்டு சகாக்களோடு சேர்ந்து தொகுத்து 1942-ல் டோக்கியோவில் வெளிவந்த நூல் அது. ஆக்ஸ்ஃபோர்டு அதை 1948-ல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களை மனதில் வைத்தே பிறந்த அகராதி என்பதால், உச்சரிப்பை அது சொல்லாமல் விடுவதில்லை.

ஒலி வாயில் எங்கே பிறக்கிறது என்று பார்க்கும் முறை தமிழ் மாணவருக்குப் புதிதும் அல்ல. தொல்காப்பியத்தின் பிறப்பியல் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று எட்டு இடங்களை வகுத்து, எந்த எழுத்து எங்கே பிறக்கிறது என்று சொல்கிறது. சர்வதேச ஒலிக்குறிப் பட்டியலும் உதட்டில் தொடங்கித் தொண்டை வரை அதே போக்கில்தான் அடுக்கப்பட்டிருக்கிறது.

புதிதாகக் கற்க வேண்டியது எவ்வளவு?

பட்டியலைப் பார்த்ததும் வரும் மலைப்பு தேவையற்றது. பிரிட்டிஷ் உச்சரிப்புக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் ஒலிகள் 44. மெய் 24, உயிர் 20. மெய்யொலிகளில் பதினாறு ஏற்கெனவே தெரிந்த ஆங்கில எழுத்துகளே, ஒலியும் அதுவே. மிச்சம் எட்டில், உருவமே புதிதாக இருப்பவை ஐந்து. வயிற்றில் குறுக்குக் கோடு போட்ட முட்டை, தலையில் குறுக்குக் கோடு வாங்கிய வளைந்த 'டி', மேலும் கீழும் இழுத்து நீட்டிய 'எஸ்', மூன்று என்ற எண்ணைப் போன்ற 'இசட்', வால் வைத்த 'என்'. வால் வைத்த 'என்' தமிழர் கையில் இருக்கும் ஒலிதான், 'சங்கு' என்பதில் வரும் ஙகரம். நீட்டிய 'எஸ்' ஷகரம். முட்டையும் குறுக்குக் கோடு போட்ட 'டி'யும் நன்றி சொல்லும் 'தேங்க்ஸ்'ஸின் முதல் ஒலிக்கும் 'திஸ்'ஸின் முதல் ஒலிக்கும் உரியவை. தமிழ்த் தகரம் நாக்கால் காற்றை ஒரு கணம் அடைக்கிறது. இவை இரண்டிலும் காற்று அடைபடாமல் கசிந்துகொண்டே இருக்க வேண்டும். இதற்காக வாரக்கணக்கில் கண்ணாடி முன் நிற்பவர்கள் உண்டு. அவ்வளவு மெனக்கெட வேண்டாம். இந்த ஒலி பிசகினாலும் கேட்பவருக்கு விஷயம் அநேகமாகப் புரிந்துவிடும்.

ஏமாற்றுவது தெரிந்த முகம்தான். அகராதியில் 'ஜே' என்ற எழுத்தைக் கண்டால் அது ஜகரம் அல்ல, யகரம். ஜெர்மன்காரர் ஜேவை அப்படித்தான் வாசிப்பார். 'யெஸ்', 'யங்' எல்லாம் அகராதியில் ஜேயில் தொடங்கும். உண்மையான ஜகரத்துக்கு 'டி'யும் மூன்று போன்ற குறியும் சேர்ந்து நிற்கும். முதல் நாளிலேயே இதைத் தெளிவாக்கிக்கொள்ளாதவர் பல சொற்களில் தடுமாறுவார்.

டகரம் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழகத்தில் ஆங்கில 'டீ'யை நாக்கை மடித்து மேலண்ணத்தில் தொட்டுச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் நாக்கு நுனி மேல்பல் ஈறிலேயே நின்றுவிடுகிறது. யாழ்ப்பாணத்தார் 'வெற்றி' என்று சொல்லும்போது நடுவில் கேட்கும் ஒலி அதற்கு மிக அருகில் இருக்கிறது. 'ரொறன்ரோ', 'இன்ரர்நெற்' என்று அவர்கள் எழுதுவதைத் தமிழக வாசகர்கள் வேடிக்கையாகப் பார்ப்பதுண்டு. ஒலியியல் கணக்கில் அவர்கள் எழுத்துத்தான் மூலத்தை ஒட்டி நிற்கிறது.

உயிரொலிகளில் கவனம் வேண்டியது இரட்டைக் குறிகளில். தமிழின் ஏகாரமும் ஓகாரமும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே நிலையில் நிற்பவை. ரொட்டி சுடும் 'பேக்'கில் அகராதி இரண்டு உயிர்க்குறிகளை அடுத்தடுத்துப் போட்டிருக்கும். எகரத்தில் தொடங்கி இகரத்தை நோக்கி வாய் நகர வேண்டும் என்று அர்த்தம். முதுகு, பை, மூட்டை மூன்றிலும் வருவது 'ஏ'யும் 'ஈ'யும் முதுகோடு முதுகு ஒட்டிய ஒற்றைக் குறி. அதற்குத் தாடையை நன்றாக இறக்கி, உதட்டைப் பக்கவாட்டில் விரித்து, குறுகச் சொல்ல வேண்டும். தமிழில் அதற்கு எழுத்தில்லை. ஏகாரம் போட்டு எழுதுகிறோம், எழுதியபடியே நீட்டியும் சொல்கிறோம்.

அந்தச் சின்னக் கோடு

ஒலிக்குறிகள் அனைத்தையும் ஒதுக்கிவிட்டு ஒன்றே ஒன்றைத்தான் கற்க முடியும் என்றால், தமிழர் கற்க வேண்டியது அசையழுத்தக் குறி. சாய்கோடுகளுக்கு உள்ளே, மேற்பக்கமாக நிற்கும் சின்னஞ்சிறு செங்குத்துக் கோடு அது. அதற்கு அடுத்து வரும் அசையை ஓங்கி, சற்று நீட்டிச் சொல்ல வேண்டும். கீழ்ப்பக்கமாக நின்றால் இரண்டாம் தர அழுத்தம். ஆரம்பத்தில் அதைக் கண்டுகொள்ளாமல் விடலாம்.

ஏன் இவ்வளவு முக்கியம்? தமிழில் சொல்லின் முதலசை இயல்பாகவே எடுப்பாக நிற்கும். ஆங்கிலத்தில் அந்த இடம் சொல்லுக்குச் சொல் மாறும். மெஷின், போலீஸ், ஹோட்டல், பலூன், கிட்டார் ஆகிய ஐந்தும் தமிழ்நாட்டில் தினமும் புழங்குபவை, ஐந்தையும் முதலசையில்தான் தொடங்கி வைக்கிறோம். அகராதியில் ஐந்துக்கும் கோடு இரண்டாம் அசைக்கு முன்னால் நிற்கிறது. தமிழுக்குள் 'ஹோட்டல்' என்று சொல்வதில் பிழை எதுவும் இல்லை, அது தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. ஆங்கில வாக்கியத்துக்குள் அதே உச்சரிப்போடு நுழையும்போதுதான் எதிரே நிற்பவர் புருவம் உயர்கிறது. கேட்பவரின் காது ஓங்கிய அசையைப் பிடித்துத்தான் சொல்லைத் தேடுகிறது. ஹைதராபாத்தின் மத்திய ஆங்கில நிறுவனத்தில் பணியாற்றிய ஆர்.கே. பன்சால், இந்தியர்களின் ஆங்கிலம் மற்றவர்களுக்கு எவ்வளவு புரிகிறது என்று ஆராய்ந்து 1969-ல் வெளியிட்டார். புரியாமல் போவதற்கான காரணங்களில் இடம் மாறிய அழுத்தமும் ஒன்று என்று அதில் காட்டியிருக்கிறார்.

ஒரு குடும்பத்தை முழுதாகப் பார்த்தால் விஷயம் பிடிபடும். புகைப்படத்துக்கு 'ஃபோ-ட-க்ராஃப்', கோடு முதலசையின் முன். படம் எடுப்பவர் 'ஃப-டாக்-ர-ஃபர்', கோடு இரண்டாம் அசைக்கு நகர்ந்துவிட்டது. படம் சார்ந்தது என்னும் பெயரடையில் 'ஃபோ-ட-க்ராஃப்-இக்', கோடு மூன்றாவதற்குப் போய்விட்டது. கோடு நகர்ந்ததோடு நிற்கவில்லை, உயிரொலிகளும் மாறிவிட்டன. எழுத்துக்கூட்டலில் இரண்டு 'ஓ'வும் அசையாமல் அப்படியே இருக்கின்றன. அழுத்தம் வந்த இடத்தில் ஓ முழு உருவம் பெறுகிறது, அழுத்தம் போன இடத்தில் தேய்ந்து, அடையாளமில்லாத ஓர் உயிராகிவிடுகிறது.

அந்தத் தேய்ந்த உயிருக்கு உரிய குறிதான் ஆங்கிலச் சிற்றெழுத்து 'ஈ'யைத் தலைகீழாகக் கவிழ்த்தது போன்ற வடிவம். 'ஷ்வா' என்பது அதன் பெயர். ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாக வரும் உயிரொலி இதுதான். பலூனின் முதல் 'ஏ', போலீஸின் 'ஓ', மெஷினின் 'ஏ', டாக்டரின் கடைசி 'ஓ', டாலரின் கடைசி 'ஏ', டீச்சரின் கடைசி 'ஈ' எல்லாமே அகராதியில் இந்த ஒற்றைக் குறியாகத்தான் இருக்கின்றன. இலக்கணம் படித்தவருக்கு உடனே குற்றியலுகரம் நினைவுக்கு வரும். 'பசு'வில் உதடு குவிகிறது. 'காசு'வில் குவிவதில்லை, உகரம் பாதி மாத்திரையாகக் குறைந்து பெயருக்கு நிற்கிறது. ஷ்வா அதே ஒலி அல்ல. ஆனால் நிற்கும் இடத்தால் ஓர் உயிர் தன் முழு உருவத்தை இழக்கும் என்ற கருத்து, தமிழ் இலக்கணம் என்றோ பெயரிட்டு வைத்த ஒன்று. ஆங்கிலம் கற்பிக்கும் புத்தகங்கள் இதை ஏன் பயன்படுத்திக்கொள்வதில்லை என்பது விளங்கவில்லை.

'வெஜிடேபிள்' என்ற சொல்லை அகராதியில் எடுத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. தமிழ் நாக்கில் நான்கு அசை, அதில் 'டே' நீண்டு ஒலிக்கும். சாய்கோடுகளுக்குள் இருப்பது மூன்றே அசை: 'வெஜ்-ட-பல்'. கோடு முதலிலேயே நிற்கிறது. நாம் நீட்டிய 'டே' அங்கே ஷ்வாவாகச் சுருங்கிக் கிடக்கிறது. ஜகரத்துக்குப் பின்னால் எழுத்தில் உள்ள 'ஈ' ஆளையே காணோம்.

ஒரே எழுத்துக்கூட்டலுக்கு இரண்டு அழுத்தம் வரும் சொற்களும் உண்டு. 'ரெகார்டு', 'பிரசன்ட்', 'எக்ஸ்போர்ட்' போன்றவை பெயராக வந்தால் கோடு முதலசையில், வினையாக வந்தால் இரண்டாம் அசையில். அகராதி இரண்டையும் தனித்தனியாகவே கொடுத்திருக்கும். முதல் பதிவை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவதால்தான் இது தவறிப்போகிறது.

எழுத்து சொல்வது ஒன்று, குறி சொல்வது ஒன்று

பட்டர், லெட்டர், சம்மர், டின்னர் என்று தமிழில் மெய்யை இரட்டித்துச் சொல்கிறோம். ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் இரண்டு எழுத்து இருப்பதால் அது சரி என்றே தோன்றும். சாய்கோடுகளுக்குள் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒற்றை மெய்தான். 'பாட்டு'வில் அழுந்தி நிற்பதைப் போல இந்தச் சொற்களின் நடுவில் நாக்கு நிற்கக் கூடாது.

எஸ்ஸில் முடியும் சின்னச் சொற்களைப் பார்த்தாலும் அதிர்ச்சி காத்திருக்கிறது. 'இஸ்', 'வாஸ்', 'ஹாஸ்', 'பிகாஸ்' எல்லாம் அகராதியில் இசட்டில் முடிகின்றன. 'ஈசி', 'பிசி', 'ரீசன்', 'ஹஸ்பண்ட்' என்பவற்றிலும் நடுவில் இசட்தான். 'யூஸ்' பெயராக இருந்தால் எஸ், வினையாக இருந்தால் இசட். இசட் ஒலி வேண்டுமானால் ஸகரத்தைச் சொல்லிக்கொண்டே தொண்டையில் விரலை வைத்து, அங்கே அதிர்வு வரும்படி குரலைச் சேர்த்தால் போதும்.

ஆர் விஷயத்தில் அவ்வளவு கவலைப்பட வேண்டாம். 'கார்', 'டீச்சர்' போன்ற சொற்களில் பிரிட்டிஷ் குறிப்பு கடைசி ஆரை விட்டுவிடும், அல்லது அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கும். உயிரில் தொடங்கும் சொல் அடுத்து வந்தால் மட்டும் அது ஒலிக்கும். அமெரிக்கக் குறிப்பில் ஆர் முழுதாக நிற்கும். தமிழர் வழக்கமாக ஆரைச் சொல்லிவிடுகிறார்கள், அதனால் யாருக்கும் புரியாமல் போவதில்லை. லண்டன்காரரைப் போலப் பேசுவதற்காக ஆரை விழுங்கப் பழகுவது வீண் வேலை.

பழைய அகராதியும் வேறு அகராதியும்

பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஜோன்ஸ் உச்சரிப்பு அகராதியின் முந்தைய பதிப்பு எதையாவது வாங்குபவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கப்பலுக்குரிய 'ஷிப்'புக்கும் ஆட்டுக்குரிய 'ஷீப்'புக்கும் அந்தப் பதிப்புகள் ஒரே உயிர்க்குறியைக் கொடுத்தன. ஆட்டுக்கு மட்டும் பக்கத்தில் நீளத்தைக் காட்ட இரண்டு புள்ளி இருக்கும். குறில், நெடில் என்று பழகிய கண்ணுக்கு இது வெகு இயல்பாகத் தெரியும். உண்மையில் இரண்டும் நீளத்தால் மட்டும் வேறுபடுபவை அல்ல, நாக்கின் நிலையும் வேறு. 'ஷிப்'பில் நாக்கு சற்றே தளர்ந்து இறங்குகிறது. 1977-ல் ஏ.சி. கிம்சன் கொண்டுவந்த 14-ஆம் பதிப்பில்தான் இரண்டுக்கும் வெவ்வேறு உருவம் வந்தது. இன்றைய மாணவர் அகராதிகள் கிம்சனின் வழியையே பின்பற்றுகின்றன.

அமெரிக்காவின் மெரியம் வெப்ஸ்டர் தன் முதன்மை அகராதியில் சர்வதேசக் குறிகளைப் பயன்படுத்துவதில்லை. எழுத்துக்கு மேலே கோடும் புள்ளியும் போட்டுத் தனக்கென ஒரு முறை வைத்திருக்கிறது. வேறு சில அமெரிக்க அகராதிகளில் அழுத்தக் குறி ஓங்க வேண்டிய அசைக்குப் பின்னால் வரும். இது தெரியாமல் இரண்டு அகராதிகளை மாற்றி மாற்றிப் பார்த்தால் ஒவ்வொரு சொல்லிலும் தவறான அசைதான் ஓங்கும். ஆக்ஸ்ஃபோர்டே ஆங்கிலேயர்களுக்காக வெளியிடும் பெரிய அகராதிகளில் 1990-கள் முதல் சில உயிர்களுக்குக் குறியை மாற்றிவிட்டது. மாணவர் பதிப்பு பழைய குறிகளோடே தொடர்ந்தது. ஆகவே அகராதி ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நிற்பது நல்லது. அதன் குறிப்பட்டியல் பக்கத்தை நகலெடுத்து மேசைமேல் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

தலைச்சொல்லுக்கு உள்ளேயே புள்ளிகள் வைத்துப் பிரித்திருக்கும் அகராதிகளும் உண்டு. வரி முடிவில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்று சொல்லும் புள்ளிகள் அவை. அசையை அறியச் சாய்கோடுகளுக்கு உள்ளே இருக்கும் புள்ளியைத்தான் பார்க்க வேண்டும்.

ஒலிபெருக்கிப் படத்தை எப்போது தொடுவது

இணைய அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் உச்சரிப்பே கேட்கிறது, பிறகு குறி எதற்கு என்ற கேள்வி நியாயமானது. சிக்கல் காதில் இருக்கிறது. காது தனக்குப் பழகிய ஒலியாகத்தான் எதையும் கேட்டுக்கொள்ளும். இசட்டை எஸ்ஸாகவும், ஷ்வாவை அகரமாகவும் கேட்டுவிட்டு 'சரியாகத்தானே சொல்கிறேன்' என்று கற்பவர் நகர்ந்துவிடுவார். எதைக் கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்வது குறிதான்.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் அழுத்தக் கோடு எங்கே என்று பார்ப்பது, அசைகளை எண்ணுவது, ஷ்வா எத்தனை என்று தேடுவது. பிறகு வாய்விட்டுச் சொல்லி கைபேசியில் பதிவு செய்வது. அதற்கும் பிறகுதான் அகராதியின் ஒலியைக் கேட்டு, இரண்டையும் ஒப்பிடுவது. முதலிலேயே கேட்டுவிட்டால் குறியைப் பார்க்கும் பொறுமை போய்விடும். நோட்டில் எழுதும்போது உச்சரிப்பைத் தமிழில் எழுதாமல், ஆங்கிலச் சொல்லையே எழுதி ஓங்கும் அசைக்கு அடியில் கோடு போட்டு, ஷ்வாவாகும் எழுத்தின் மேல் பென்சிலால் ஒரு குறுக்குக் கோடு இழுத்தால் போதும்.

அகராதி சொல்லாமல் விடுவதும் உண்டு. இறந்தகால 'ஈடி' விகுதியின் ஒலியை அச்சு அகராதிகள் பொதுவாகத் தருவதில்லை, விதிப்படி வரும் என்று விட்டுவிடுகின்றன. விதி தெரியாததால்தான் 'ஆஸ்கெட்', 'ஃபினிஷெட்' என்றெல்லாம் கேட்கிறோம். வினைச்சொல் டீயிலோ டியிலோ முடிந்தால் மட்டுமே அங்கே ஒரு தனி அசை வரும்: 'வான்டிட்', 'நீடிட்'. குரலில்லாத ஒலியில் முடிந்தால் வெறும் டீ மட்டும்: 'ஆஸ்க்ட்', 'ஃபினிஷ்ட்'. மற்றவற்றுக்கு டி. கற்றறிந்தவர் என்னும் பொருளில் வரும் 'லர்னிட்' போன்ற விலக்குகளுக்கு மட்டும் அகராதி தனியாக உச்சரிப்பு கொடுத்திருக்கும்.

ஊர்ப்பெயர்களுக்கும் ஆட்பெயர்களுக்கும் சாதாரண அகராதி உதவாது. இங்கிலாந்தின் 'லெஸ்டர்', 'வுஸ்டர்' ஆகியவற்றை எழுத்தைப் பார்த்து யாராலும் ஊகிக்க முடியாது. தேம்ஸ் என்று தமிழில் எழுதும் நதி அங்கே 'டெம்ஸ்'. இவற்றுக்காகவே ஜோன்ஸின் அகராதியும், ஜே.சி. வெல்ஸ் 1990-ல் வெளியிட்ட லாங்மேன் உச்சரிப்பு அகராதியும் இருக்கின்றன. இரண்டிலும் பெயர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒரு சொல்லுக்கு இரண்டு உச்சரிப்பு வழங்கினால் எதை எவ்வளவு பேர் விரும்புகிறார்கள் என்று வெல்ஸ் கருத்துக்கணிப்பு நடத்தியும் சேர்த்திருக்கிறார். 'ஷெட்யூலா', 'ஸ்கெட்யூலா' என்று அலுவலகத்தில் வாதாடுபவர்கள் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். இரண்டுமே அதில் இருக்கின்றன.